கம்பியை இழுத்த கை

அத்தியாயம் 14

“யாரோ வேணும்னே செய்யிறாங்க தம்பி.”

திருக்கோகர்ணத்து மெக்கானிக் நாகராசு இப்படி ஒரு வார்த்தையைச் சொல்லிவிட்டு பஸ் ஏறிப் போய் ஆறு நாள் ஆகிறது. சோற்றில் கிடக்கும் கல் மாதிரி அந்த வார்த்தை வீட்டுக்குள் கிடந்தது. யார் பல்லில் எப்போது கடிபடுமோ என்று மூன்று பேர் மெதுவாக மென்றுகொண்டிருந்தார்கள். நாலாவது ஆளுக்கு, அதாவது வீட்டுக்குப் பெரியவரான உடையப்பனுக்கு, அப்படி ஒரு கல் கிடப்பதே தெரியாது.

முந்தைய வாரங்களைத் தவறவிட்டவர்களுக்காகக் கொஞ்சம் பின்னால் போகிறேன். விடாமல் படிப்பவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். என் வீட்டிலேயே ஒருவர் நடுவில் இரண்டு வாரம் விட்டுவிட்டு, “இந்த நத்தை எங்கேயிருந்து வந்தது?” என்று கேட்கிறார்.

நத்தை மலேயாவிலிருந்து வந்தது. உடையப்பனின் தம்பி அழகுமலை அங்கே ஈயச் சுரங்கத்து ஒர்க்‌ஷாப்பில் ஏழு வருஷம் இன்ஜின் பிரித்து மாட்டியவன். கப்பலில் வருகிற மற்றவர்கள் சில்க் துணியும் டார்ச் லைட்டும் கொண்டுவந்து இறக்குவார்கள். இவன் டிரங்குப் பெட்டியைத் திறந்தால், உள்ளே சாக்கில் சுற்றிய ஓர் இரும்புச் சாமான்! அதன் பெயர் டர்போ. அதன் சுருண்ட உருவத்தைப் பார்த்துவிட்டு அண்ணி செங்கமலம் ‘நத்தை’ என்றாள். அந்தப் பெயரே நிலைத்துவிட்டது.

பெயர்தான் நத்தை, வேலை அப்படி இல்லை. இன்ஜின் வெளியே தள்ளும் புகை அதற்குள் புகுந்து ஒரு சின்னச் சக்கரத்தைச் சுழற்றும். அதே தண்டின் மறுமுனையில் இருக்கும் இன்னொரு சக்கரம் வெளிக்காற்றை வாரி இன்ஜினுக்குள் திணிக்கும். காற்று கூடினால் டீசலைக் கூட்டி எரிக்கலாம், வண்டியும் கூடுதலாக இழுக்கும்.

பாகிஸ்தான் சண்டை நடந்த வருஷம், இரண்டு ஜோடி உழவு மாட்டை விற்று உடையப்பன் ஒரு சின்ன டீசல் டிராக்டர் வாங்கினார். மேட்டுக்கொல்லையின் சரளை மண்ணில் சட்டிக்கலப்பையை இழுக்க முடியாமல் அது முக்கி முக்கி நின்றுபோயிற்று. அழகுமலை அண்ணனை ஒரு வார்த்தை கேட்காமல் இன்ஜினில் நத்தையைப் பூட்டிவிட்டான்.

கேட்காமல் செய்ததுதான் வினையாகிவிட்டது. “ஆடி பதினெட்டுக்குள்ள மேட்டுக்கொல்லை மூணு ஏக்கரையும் உழுது காட்டு. முடியலையா, அதைக் கழட்டிக் கெணத்துல வீசிட்டு, பொண்டாட்டியைக் கூட்டிக்கிட்டுப் போய்த் தனி அடுப்பு வச்சுக்க” என்று தாய்மாமனைச் சாட்சி வைத்துக்கொண்டு உடையப்பன் சொல்லிவிட்டார்.

செங்கமலத்தின் நெஞ்சில் அன்றைக்குப் பிடித்த பயம் இன்னும் விடவில்லை. அவள் இந்த வீட்டுக்கு வாழ வந்தபோது மாமியார் உயிரோடு இல்லை, அழகுமலைக்கு ஆறு வயது. இருபத்தாறு வருஷமாக அவனுக்கு அவள்தான் தாய். பெற்ற மகள் சொர்ணவல்லி குடுமியான்மலையில் வாழ்க்கைப்பட்டு, இப்போது ஏழு மாதச் சூலி. வளர்த்த மகனும் தனியே போய்விட்டால் இந்த வீட்டில் யாருக்காக உலை வைப்பது?

நத்தை முதலில் நன்றாகத்தான் ஓடியது. இரண்டு வாரம் கழித்து நீலப் புகை வந்தது. நாகராசு வந்து பிரித்துப் பார்த்தால், உள்ளே தண்டைத் தாங்கும் புஷ் கருகிக் கிடந்தது.

“இது எண்ணெயில மெதக்கிற சாமான் தம்பி. உழுது வந்த சூட்டோட இன்ஜினைப் பட்டுனு நிறுத்தினா எண்ணெய் வரத்து நின்னுபோகும். சூடு நிக்காது. உள்ள தங்கின எண்ணெய் கரியாப் போயிரும். அஞ்சு நிமிசம் மெதுவா ஓடவிட்டுத்தான் நிறுத்தணும். மலேயாவுல இதைச் சொல்லித் தரலையா?”

“சொல்லித் தந்ததைத்தான் செய்யிறேன். ஓடவிட்டுட்டுத்தான் கஞ்சி குடிக்கப் போவேன். சில நாள் திரும்பி வந்து பாத்தா இன்ஜின் நின்னு கெடக்கும். தானா நிக்குதாக்கும்னு நெனச்சேன்” என்றான் அழகுமலை.

நாகராசு ஸ்டாப் கம்பியை இழுத்துப் பார்த்தார். அதை வெளியே இழுத்தால் டீசல் அடைபட்டு இன்ஜின் நிற்கும். “இது தானா இழுத்துக்குமா?” என்று கேட்டுவிட்டுத்தான் அந்த வார்த்தையைச் சொன்னார். பெட்டியில் இருந்த கடைசி புஷ்ஷைப் பொருத்திக் கொடுத்தார். “இதுவும் கருகிச்சுன்னா தண்டோட போச்சு. அப்புறம் என்னைக் கூப்பிடாதீங்க, மலேயாவுக்கு லெட்டர் போடுங்க.”

அன்று சாயங்காலம் அழகுமலை தன் அண்ணியையும் மனைவி செவந்தியையும் தனியே அழைத்து விஷயத்தைச் சொன்னான். “அண்ணன்கிட்ட மூச்சு விடாதீங்க. அவரு வீரய்யாவை நம்பி அவன்கிட்ட சொல்லிருவாரு. ஆள் உசாராயிருவான்.”

வீரய்யா அந்த வீட்டுப் பண்ணையாள். முப்பது வருஷம் அந்த வீட்டு மாடுகளை ஓட்டியவர். டிராக்டர் வந்து இறங்கிய அன்று, “மாடு சாணி போடும், இது என்னத்தைப் போடும்?” என்று எல்லார் முன்னாலும் கேட்டுவிட்டு அப்பால் போய் எச்சில் துப்பியவர். சந்தேகப்பட இதற்கு மேல் என்ன வேண்டும்?

இத்தனையும் பழைய கதை. இனி ஆடி பதினாறாம் தேதிக்கு வருவோம்.

*

மேட்டுக்கொல்லையில் இன்னும் ஒரு ஏக்கர் பாக்கி இருந்தது. இன்றைக்கும் நாளைக்கும் வண்டி ஓடிவிட்டால் போதும், அடுப்பு பிரியாது. ஆனால் முந்தாநாளும் இன்ஜின் நின்று கிடந்தது. ஆகவே இன்றைக்கே ஆளைப் பிடித்துவிடுவது என்று மூவரும் ஏற்பாடு செய்திருந்தார்கள். கஞ்சி நேரத்தில் அழகுமலை வழக்கம்போல இன்ஜினை ஓடவிட்டுவிட்டுத் தூரத்துப் புளியமரத்தடிக்குப் போவான். பெண்கள் இருவரும் ஆளுக்கொரு பக்கம் மறைந்திருப்பார்கள். எவன் வந்து கம்பியைத் தொட்டாலும் ஒரு சத்தம் கொடுக்க வேண்டியது.

காலையில் கம்பங்கஞ்சியைக் கரைத்துத் தூக்கில் ஊற்றிக்கொண்டே செங்கமலம் சொன்னாள்: “நீ கெணத்துப் பக்கம் நில்லு செவந்தி. நான் முந்திரிக் காட்டுப் பக்கம் ஒக்காந்துக்கறேன்.”

“முந்திரிப் பக்கம் நான் இருக்கேனேக்கா. அங்க குனிஞ்சு ஒக்காரணும். ஒங்களுக்கு இடுப்புப் புடிச்சுக்கும்.”

“என் இடுப்பு எனக்குத் தெரியும்.”

“இல்லக்கா, பூச்சி பொட்டு கெடக்கும்…”

“சொன்ன எடத்துல நில்லுடி.”

செவந்தி வாயை மூடிக்கொண்டாள். செங்கமலத்தின் மனம் மூடவில்லை. இவளுக்கு எதற்கு முந்திரிக் காட்டு மேல் அத்தனை ஆசை? அங்கிருந்து டிராக்டருக்கு நாலே எட்டு. ஓடிப் போய்க் கம்பியை இழுத்துவிட்டு வந்து உட்கார்ந்தாலும் கேட்பாரில்லை.

உள்ளதைச் சொல்லிவிட வேண்டும். வாய்தான் வீரய்யா பெயரைச் சொன்னதே தவிர, செங்கமலம் ஆறு நாளாக மனசுக்குள் வறுத்துக்கொண்டிருந்தது ஓர்ப்படி செவந்தியைத்தான். சித்திரையில் கிணற்றடியில் யாரோ ஒருத்தி வீட்டுக் கதை வந்தபோது செவந்தி, “எலி வளையானாலும் தனி வளை வேணும்ல” என்று சிரித்தாள். ஊரார் கதைக்குச் சொன்ன பழமொழிதான். செங்கமலம் அதை நாலு மாதமாக முந்தானையில் முடிந்து வைத்திருந்தாள். தனி வளை கேட்கிறவளுக்கு, நத்தை நின்றுபோனால் லாபம்தானே? பாம்பும் சாகாமல் தடியும் நோகாமல் காரியம் முடிந்துவிடும்.

கொல்லைக்குப் போகும் வழியெல்லாம் செவந்தி தூக்குச் சட்டியைச் சுமந்துகொண்டு முன்னால் நடந்தாள். அவள் கால் எங்கே படுகிறது, கண் எங்கே போகிறது என்று பார்த்துக்கொண்டே செங்கமலம் பின்னால் நடந்தாள்.

*

மேட்டுக்கொல்லையில் டிராக்டர் ஒரு கரையிலிருந்து மறுகரைக்குப் போய்வந்துகொண்டிருந்தது. சட்டிக்கலப்பை புரட்டிப்போட்ட செம்மண்ணில் கொக்குகள் இறங்கியிருந்தன. இன்ஜின் சத்தத்துக்கு மேலே நத்தையின் ‘ஊ’ என்ற விசில் கேட்டது. அந்த விசில் கேட்கிறவரைக்கும் தன் வீடு ஒன்றாக இருக்கிறது என்று செங்கமலத்துக்கு ஒரு கணக்கு.

வெயில் ஏறியதும் அழகுமலை முந்திரிக் காட்டோரமாக வண்டியை நிறுத்தினான். இன்ஜின் தணிந்த குரலில் துடித்துக்கொண்டிருந்தது. அவன் இறங்கி, தலைப்பாகையை உதறி முகத்தைத் துடைத்துக்கொண்டு, நாலு பேருக்கும் தெரிகிற மாதிரி புளியமரத்தைப் பார்த்து நடந்தான். தாழ்ந்து கிடந்த முந்திரிக் கிளைக்குப் பின்னால் செங்கமலம் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இடுப்பு உண்மையிலேயே வலித்தது.

ஒரு நிமிஷம் போயிற்று. கிணற்றுப் பக்கம் செவந்தியின் சேலைத் தலைப்பு தெரிந்தது. அது அசையவில்லை. வீரய்யா சற்றுத் தள்ளி வரப்பு வெட்டிக்கொண்டிருந்தார்.

காலடிச் சத்தம் வந்தது வேறு பக்கத்திலிருந்து. செங்கமலம் கிளையை விலக்கிப் பார்த்தாள். வந்தது உடையப்பன்.

அவளுக்கு முதலில் நிம்மதியாகத்தான் இருந்தது. இவருக்கும் எப்படியோ விஷயம் தெரிந்து, ஆளைப் பிடிக்க வந்திருக்கிறார் என்று நினைத்தாள். கூப்பிட்டு ஜாடை காட்டலாமா என்றுகூடக் கையைத் தூக்கினாள்.

உடையப்பன் டிராக்டரைச் சுற்றி வந்தார். இன்ஜின் மூடியின் மேல் உள்ளங்கையை வைத்தார், சூடு தாங்காமல் வெடுக்கென்று எடுத்தார். நாக்கை மடித்து ‘ட்ச்சு, ட்ச்சு’ என்று ஒரு சத்தம் செய்தார். உழுது களைத்த மாட்டைத் தட்டிக் கொடுக்கும்போது செய்கிற சத்தம் அது.

“போதும்டா. நில்லு” என்றார் வண்டியைப் பார்த்து. “வேல செஞ்சவனை நுகத்தடியோட நிக்க வச்சிட்டு, இவனுக்கு எப்படித்தான் தொண்டையில கஞ்சி எறங்குதோ.”

ஸ்டாப் கம்பியைப் பிடித்து இழுத்தார். இன்ஜின் நின்றது. உடையப்பன் துண்டால் கையைத் துடைத்துக்கொண்டு, வந்த வழியே வேலிக்கு அப்பால் போய்விட்டார்.

சத்தம் கொடு என்றுதான் ஏற்பாடு. யார் பெயரைச் சொல்லிச் சத்தம் கொடுப்பது? திருடனைப் பிடிக்க ஒளிந்திருந்தவள் தாலி கட்டிய புருஷனைப் பார்த்துவிட்டாள்.

அதைவிடக் கொடுமை, அது திருட்டே இல்லை என்பது அவளுக்கு அந்த நொடியே புரிந்துவிட்டது. அந்தக் குடும்பத்தில் உழுகிறவன் மாட்டை அவிழ்த்து விடாமல் பச்சைத் தண்ணீரைக்கூட வாயில் வைக்கக் கூடாது. அது அவர்கள் வீட்டுச் சட்டம். புதுப் பெண்ணாக வந்த வருஷம், மாட்டை ஏரோடு நிறுத்திவிட்டுக் கஞ்சிக்கு உட்கார்ந்த ஒருவனை உடையப்பன் எழுப்பிவிட்டதை அவளே பார்த்திருக்கிறாள். மாட்டை விற்ற கையோடு வாங்கிய வண்டி. மனுஷருக்கு அது மாடாகத்தான் தெரிந்திருக்கிறது.

நத்தையைப் பூட்டிய புதிதில் அவர் தம்பியிடம், “ஏன்டா அது சும்மா நின்னு ஓடுது?” என்று கேட்டார். “ஒங்களுக்குச் சொன்னாப் புரியாதுண்ணே” என்று அவன் சிரித்தான். அதற்குப் பிறகு அவர் அதைப் பற்றி வாயே திறக்கவில்லை.

செங்கமலம் எழுந்து ஓடிப் போய் இன்ஜினைத் திரும்ப ஓட்டிவிடலாமா என்று நினைத்தாள். அவளுக்கு எதைத் திருகத் தெரியும்? அதற்குள் சத்தம் நின்றது அழகுமலைக்குக் கேட்டுவிட்டது.

*

அவன் புளியமரத்தடியிலிருந்து ஓடி வருவதற்குள், டிராக்டர் பக்கத்தில் ஓர் ஆள் நின்றுகொண்டிருந்தார். ரேடியேட்டருக்கு ஊற்றத் தண்ணீர்க் குடத்தோடு வந்த வீரய்யா!

பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பது இதுதான்.

“புடிச்சிட்டேன்!” அழகுமலை அவருடைய தோளைப் பிடித்து இழுத்த வேகத்தில் குடம் கீழே விழுந்து உருண்டது. “நீதானா வீரய்யா? நீதானா?”

சின்ன வயசில் அவர் தோளில் உட்கார்ந்து திருவிழா பார்த்தவன் அழகுமலை. ‘வீரய்யாண்ணே’ என்றுதான் இன்று வரைக்கும் கூப்பிட்டுவந்தான். அந்த ‘அண்ணே’ போய்விட்டதைக் கவனித்த வீரய்யா, குடத்தைப் பார்க்காமல் அவன் முகத்தைப் பார்த்தார்.

“என்ன தம்பி நானு?”

“கம்பியை இழுத்தது நீதானே?”

“நான் வரையிலயே அது இழுத்துத்தான் கெடந்துச்சு. தண்ணி ஊத்த வந்தேன்.”

அழகுமலை வண்டியில் தாவி ஏறி இன்ஜினை ஓட்டினான். ஓடியது. உழவுக்கு வேகத்தைக் கூட்டினான். விசில் வரவில்லை. இரும்பை இரும்பு பிறாண்டுகிற சத்தம் ஒன்று வந்தது, பிறகு அதுவும் நின்றது. புகைக் குழாயிலிருந்து நீலமும் கறுப்புமாகப் புகை கிளம்பி முந்திரிக் காட்டுப் பக்கம் போயிற்று. செங்கமலம் அந்தப் புகைக்குள்ளிருந்துதான் எழுந்து வந்தாள். கிணற்றுப் பக்கமிருந்து செவந்தியும் ஓடி வந்தாள்.

“அண்ணி, ஆளைப் பாத்தீங்களா?”

“இல்லப்பா.” அவளுக்கே தன் குரல் அடுத்த வீட்டுக்காரி குரல் மாதிரி கேட்டது. “முந்திரி மறைச்சிருச்சு.”

சத்தம் கேட்டு உடையப்பனும் வந்து சேர்ந்தார். அவர் வந்ததும் செவந்தி, செங்கமலத்தின் முதுகுக்குப் பின்னால் ஒதுங்கி நின்றுகொண்டாள்.

அழகுமலை கொதித்துப் போய் எல்லாவற்றையும் கொட்டினான். நாகராசு சொன்னது, எண்ணெய், சூடு, ஐந்து நிமிஷம், கடைசி புஷ், இன்றைக்குக் காவல் வைத்தது. “சூட்டோட கம்பியை இழுத்து இழுத்தே கொன்னுட்டான்ண்ணே. பெத்த புள்ளையை மாதிரி கடல் தாண்டித் தூக்கிட்டு வந்தேன். கொன்னுட்டான்.”

உடையப்பன் கேட்டுக்கொண்டே நின்றார். கேட்கக் கேட்க அவருடைய கை துண்டைத் தேடியது.

“ஓடவிட்டாத்தான் அதுக்கு நல்லதா?” என்றார்.

“ஆமாண்ணே.”

“நிறுத்தினா கெட்டுப்போகுமா?”

“அதைத்தானே சொல்றேன்.”

“இதை ஏன்டா என்கிட்ட முன்னாடியே சொல்லலை?” உடையப்பன் போட்ட சத்தத்தில் கொக்குகள் எழும்பிப் பறந்தன. பெரியவருக்குக் கோபம் என்று அழகுமலை நினைத்தான். செங்கமலத்துக்குத்தான் அது அழுகை என்று தெரியும்.

சொல்லிவிடுவார், இப்போது சொல்லிவிடுவார் என்று அவள் அவருடைய வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். ‘நான்தாண்டா’ என்று ஒரு வார்த்தை. திருடனுக்குத் தேள் கொட்டிய மாதிரி மனுஷர் நின்றாரே ஒழிய, அந்த வார்த்தை வரவில்லை.

“நத்தை போச்சு. கொல்லையும் பாக்கி” என்றான் அழகுமலை. “மாமன் முன்னால நீங்க சொன்ன வாக்குப்படி நான் தனி அடுப்பு வச்சுக்கறேண்ணே. ஆனா ஆள் யாருன்னு தெரியாம போக மாட்டேன். வீரய்யா, இனி இந்த வரப்பை மிதிக்காதே.”

வீரய்யா குனிந்து குடத்தை எடுத்து நிமிர்த்தி வைத்தார். இடுப்பில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து உதறித் தோளில் போட்டுக்கொண்டார். அந்த வீட்டாருக்கு முன்னால் அவர் தோளில் துண்டு போட்டு நின்றதை இதுவரை யாரும் பார்த்ததில்லை.

“போறேன் தம்பி. நாளைக்குக் காலையில ஐயனார் கோயில்ல கற்பூரம் ஏத்துறேன். இந்தக் கம்பியை நான் தொட்டிருந்தா என் குடி வெளங்காமப் போகட்டும்னு சொல்லி அணைக்கிறேன். நான் மட்டும் அணைச்சாப் போதாது. இந்தக் கொல்லையில நின்ன அத்தனை பேரும் அணைக்கணும். பெரியவுகளும்தான்.”

“சரிதான். எல்லாரும் அணைக்கிறோம். என்னண்ணே?” என்றான் அழகுமலை.

உடையப்பன் தம்பியைப் பார்த்தார், வீரய்யாவைப் பார்த்தார்.

“சரி” என்றார்.

*

எரிகிற கற்பூரத்தைக் கையால் அடித்து அணைத்துச் செய்கிற சத்தியம் அந்தப் பக்கத்தில் விளையாட்டில்லை. பொய்யாக அணைத்தால் ஐயனார் அணைத்தவனை விட்டுவிட்டு அவன் வம்சத்தைக் கேட்பார் என்பார்கள். வம்சம் என்றால் யார்? வயிற்றில் ஏழு மாதம் சுமந்துகொண்டிருக்கும் சொர்ணவல்லிதான்.

விளக்கு வைத்த பிறகு செங்கமலம் கூடத்துக்குப் போனாள். உடையப்பன் காலையிலிருந்து சாப்பிடவில்லை. அழகுமலை மாமனைப் பார்த்துச் சொல்லிவிட்டு வருகிறேன் என்று போயிருந்தான்.

“ஏங்க, நாளைக்கு நீங்க கற்பூரத்துல கை வைக்கக் கூடாது.”

“ஏன்?”

“மக சூலியா இருக்கா.”

உடையப்பன் நிமிர்ந்து பார்த்தார். “அதுக்கும் இதுக்கும் என்ன?”

“முந்திரிக்குள்ள ஒக்காந்திருந்தது நான்தாங்க.”

அவர் எட்டி வாசலைப் பார்த்துக்கொண்டார். பிறகு கேட்டார்:

“அழகுகிட்ட சொல்லிட்டியா?”

இருபத்தாறு வருஷம் ஒன்றாக வாழ்ந்தவர், அவள் பார்த்துவிட்டாள் என்று தெரிந்ததும் கேட்ட முதல் கேள்வி இது. ‘பார்த்தியா, இப்படி ஆகிப்போச்சே’ என்று கையைப் பிடித்திருந்தால் அவளும் அழுதிருப்பாள். அவளையும் ஒரு கோள்காரியாக நினைத்துக் கேட்டாரே, அதில்தான் அவளுக்கு மனசு விட்டுப்போயிற்று.

“இன்னும் சொல்லலை.”

“எனக்குத் தெரியாது செங்கமலம். வாயில்லாச் சீவனை நிக்க வச்ச மாதிரி இருந்துச்சு. அவன் போனதும் ஓய்வு குடுப்போமேன்னு…”

“எனக்குத் தெரியுங்க. அதை அங்கயே சொல்லியிருக்கலாம்ல?”

“எந்த வாயால சொல்றது? மாமன் முன்னால அவ்வளவு வீறாப்பாப் பேசிட்டு, ஒன் நத்தையைக் கொன்னது நான்தாண்டான்னு சொல்லவா? அவன்தான் என்கிட்ட ஒரு வார்த்தை சொன்னானா? நீ சொன்னியா? வீட்டுக்குள்ளயே மூணு பேரு சேந்து காவல் காத்திருக்கீக. என்னையும் சேத்துத்தானே சந்தேகப்பட்டிருக்கீக?”

அவரிடம் ஆறு நாளைக்கு முன்னால் சொல்லியிருந்தால் நத்தை இன்றைக்கு ஓடிக்கொண்டிருக்கும். மறைத்து வைத்த புத்திசாலித்தனம்தான் அதைக் கொன்றது.

“நீ ஒண்ணு பண்ணு” என்றார் உடையப்பன், தரையைப் பார்த்துக்கொண்டு. “காலையில மொத பஸ்ஸுக்குக் குடுமியான்மலைக்குப் போயிரு. மகளைப் பாக்கப் போயிருக்கான்னு நான் சொல்லிக்கறேன்.”

செங்கமலம் அடுப்பங்கரைக்குப் போனாள்.

அங்கே செவந்தி இருந்தாள். அடுப்பில் சோறு பொங்கி வழிந்துகொண்டிருந்தது, அவள் கவனிக்கவில்லை. கூடத்தில் பேசியது அத்தனையும் அங்கே கேட்டிருக்கும்.

“கேட்டுட்டியா?”

“மாமா கம்பியை இழுத்ததை நான் முந்தாநாளே பாத்துட்டேன்க்கா” என்றாள் செவந்தி.

செங்கமலத்துக்குக் கோபம் குபீரென்று ஏறியது. “பாத்துமா வாயை மூடிக்கிட்டு இருந்தே? ஒன் புருசன் சொத்துடி அது! நத்தை போனா தனி வளை கெடைக்கும்னுதானே?”

“தனி வளையா?” செவந்திக்குப் பழமொழி நினைவே இல்லை. “அவருகிட்ட சொன்னா, அண்ணனே செஞ்சாரான்னு அன்னைக்கே டிரங்குப் பெட்டியைத் தூக்கியிருப்பாருக்கா. மாமாகிட்ட நேரா சொல்லலாம்னு ரெண்டு தடவை கூடம் வரைக்கும் வந்தேன். அவுக முன்னால நின்னு நான் என்னைக்குப் பேசியிருக்கேன்? நாக்கு எழலை. இன்னைக்கு முந்திரிக்குள்ள நான் ஒக்காந்திருந்தா, மாமா வரையில கல்லை விட்டெறிஞ்சாவது வெரட்டியிருப்பேன். நீங்கதான் எடத்தை விட மாட்டேன்னுட்டீங்க.”

அடுப்பை அணைக்கக்கூடத் தோன்றாமல் செங்கமலம் நின்றாள். நாலு மாதமாக யாரைக் கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு பார்த்தாளோ, அவள்தான் இந்த வீடு பிரியாமல் இருக்கக் காவல் இருந்திருக்கிறாள். வெட்கத்தில் செங்கமலத்துக்கு முகம் எரிந்தது.

“மாமா அணைச்சா அணைச்சிட்டுப் போகட்டும்க்கா. நீங்க ஊருக்குப் போயிருங்க. கொஞ்ச நாள்ல எல்லாம் ஆறிப்போயிரும்.”

“அப்ப வீரய்யா?”

செவந்தி தலையைக் குனிந்துகொண்டாள்.

செங்கமலம் சோற்றுப் பானையை இறக்கி வைத்துவிட்டு மறுபடியும் கூடத்துக்கு வந்தாள். உட்காரவில்லை. புருஷன் எதிரில் நின்றபடியே சொன்னாள்:

“நான் குடுமியான்மலைக்குப் போகலைங்க. காலையில கோயிலுக்கு வாரேன். வீரய்யா கற்பூரத்தை ஏத்தினதும் நீங்களே சொல்லிருங்க. சொல்லாம கையை நீட்டினீங்கன்னா, ஒங்க கைக்கு முன்னால என் கை போகும். இன்னைக்கு என் ரெண்டு கண்ணாலயும் பாத்ததைச் சொல்லித்தான் அணைப்பேன்.”

உடையப்பன் அவளைப் பார்க்கவில்லை. அவள் தோளுக்குப் பின்னால் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“என்னத்தைப் பாத்தீங்க அண்ணி?” என்று கேட்டுக்கொண்டே அழகுமலை உள்ளே வந்தான்.